முடி சூட்டும் உரிமை

கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் பாதி, கதாநாயகியை ஏன் சாகடித்தீர்கள் என்று சண்டை பிடிக்கும். மறுபாதி, தாங்கள் எழுதிய கதையைப் படித்துவிட்டு எங்கேயாவது பிரசுரிக்க வழி செய்யச் சொல்லும். இரண்டு ரகத்திலும் சேராத ஒரு கடிதம் 2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் எனக்கு வந்தது. எழுதியவள் ஒரு கல்லூரி மாணவி. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சோழர் காலத்து நாவல் ஒன்றை மூன்றே நாளில் படித்து முடித்தாளாம். முடித்த கையோடு ஒரு கேள்வி கேட்டிருந்தாள். இங்கிலாந்து, ஸ்வீடன், நார்வே, ஜப்பான் எல்லாம் ராஜாவையும் வைத்துக்கொண்டு ஜனநாயகமும் நடத்துகின்றனவே, நமக்கும் ஒரு சோழ ராஜா, அதிகாரம் ஒன்றும் இல்லாமல், ஓர் அழகுக்காகவாவது இருந்திருக்கக் கூடாதா என்பது கேள்வி.

எனக்குச் சுருக்கென்றது. ராஜகுமாரர்களைக் குதிரைமேல் ஏற்றி, அந்தப்புரத்து மாடத்தில் நிலா வெளிச்சத்தைக் கொட்டி, வாரா வாரம் பத்திரிகையில் விற்றுப் பிழைத்தவன் நான். என் நாவலில் வரி கட்ட முடியாமல் நிற்கும் குடியானவன் ஒருவன்கூடக் கிடையாது. இருந்திருந்தால் வாசகர்கள் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. எப்படியானாலும் அந்தப் பெண்ணின் ஆசைக்கு நானும் ஒருவகையில் பொறுப்பாளி. பதில் எழுதத்தான் வேண்டும். இரண்டு வரியில் எழுதக்கூடிய பதிலாகத் தோன்றாததால், கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு மே மாதம் முதல் வாரத்தில் கடலூருக்குப் புறப்பட்டேன்.

கடலூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. முப்பது வருஷம் சரித்திரம் போதித்து ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'வாத்தியார்'தான், எனக்கும் அப்படியே. நான் போய்ச் சேர்ந்த மறுநாள், மே 6-ஆம் தேதி சனிக்கிழமை, லண்டனில் மூன்றாம் சார்லஸுக்குப் பட்டாபிஷேகம். அங்கே காலை பதினொரு மணி. நமக்குப் பிற்பகல் மூன்றரை. அக்கினி நட்சத்திரத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, வாத்தியார், அவருடைய தாயார், நான் மூவரும் டெலிவிஷனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

ராஜாவுக்குப் புனித எண்ணெய் பூசும் கட்டம் வந்தது. மேலங்கியைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு அவரை உட்கார வைத்து, மூன்று பக்கமும் திரை பிடித்துவிட்டார்கள். உலகம் முழுதும் பார்க்கிற காமிராவுக்கு அந்த நேரத்தில் மட்டும் அனுமதியில்லை.

"என்னப்பா, திரை போட்டுட்டாங்க? அபிஷேகம் ஆகுதா?" என்று கேட்டார் அம்மா.

"ஆமாம்மா. எண்ணெய்க் காப்பு."

அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வாத்தியார் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எண்பத்திரண்டு வயது அம்மாளுக்கு ஒரு விநாடியில் விளங்கியது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ராஜா என்கிற பதவியைச் சட்டப் புத்தகத்தில் வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். மற்றப் பாதி கோயிலைச் சேர்ந்தது.

மறுநாள் வெயிலுக்கு முன்னால் தேவனாம்பட்டினத்துக்கு நடந்தோம். கெடிலம் கடலில் கலக்கும் இடத்தருகே செயிண்ட் டேவிட் கோட்டையில் மிஞ்சியிருக்கும் இடிபாட்டைக் காட்டி, "உங்க வாசகிக்கு முதல் பதில் இங்கே இருக்கு ஸார்" என்றார் வாத்தியார்.

1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாவிடமிருந்து இங்கிலீஷ் கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கிரயத்தில் ஒரு விசித்திரமான ஷரத்து. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதற்குட்பட்ட ஊர்களும் கம்பெனியையே சேரும். வியாபாரிகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலாபக்கமும் சுட்டார்கள். கடலூர் நகரமே குண்டெல்லைக்குள் வந்துவிட்டது. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்ற பெயர் வெகு காலம் நிலைத்தது.

அன்று காலை தன் கொல்லையில் கம்பங்கதிர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடியானவனை நினைத்துக்கொண்டேன். எங்கேயோ ஒரு சத்தம் கேட்டிருக்கும். வரப்பில் ஒரு குண்டு வந்து புதைந்திருக்கும். அந்தக் குண்டு இருபது அடி முன்னால் விழுந்திருந்தால் அவன் மராட்டியப் பிரஜை. அப்பால் விழுந்ததால் கம்பெனியின் பிரஜை. வாங்கினவனும் கேட்கவில்லை, விற்றவனும் கேட்கவில்லை. அந்தப்புர நிலா வெளிச்சத்தில் நான் எழுதாமல் விட்ட குடியானவன் இவன்தான்.

கோட்டையின் பிற்காலக் கதை சுருக்கமானது. 1756-ல் ராபர்ட் கிளைவ் இங்கே கவர்னராக இருந்தார். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். அதோடு முடிந்தது. ஆனால் கடலூரில் நடந்த இன்னொரு சண்டையைப் பற்றி வாத்தியாரிடம் ஒரு கதை இருந்தது. அது நாவலாசிரியனுக்கு நாக்கில் நீர் ஊறச் செய்யும் கதை.

1783 ஜூன் மாதம். கடலூர் பிரெஞ்சுக்காரர் கையில். தளபதி புஸ்ஸி உள்ளே. ஜெனரல் ஸ்டூவர்ட்டின் இங்கிலீஷ் படை வெளியே. ஐரோப்பாவில் அந்த ஜனவரியிலேயே சமாதானப் பூர்வாங்கம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆயிற்று. அதற்குள் இங்கே ஆயிரக்கணக்கில் செத்தும் காயம்பட்டும் போனார்கள். இங்கிலீஷ் படையில் ஹானோவரைச் சேர்ந்த ஜெர்மன் பட்டாளங்களும் இருந்தன. ஜெர்மானியனுக்குக் கடலூரில் என்ன வேலை? இங்கிலாந்து ராஜாவே ஹானோவருக்கும் அதிபதி, அவ்வளவுதான் காரணம். ஓர் இரவு பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்து தாக்கியபோது காயமடைந்த ஓர் இளம் ஸார்ஜெண்ட் சிறைப்பட்டான். ஹானோவர் படைத்தலைவர் வாங்கன்ஹைம் இரக்கப்பட்டு அவனுக்கு வைத்தியம் பார்க்கச் செய்தார். இருபது வருஷம் கழித்து நெப்போலியனின் படை ஹானோவரைப் பிடித்தபோது, அங்கே அதிகாரியாக வந்த பிரெஞ்சு மார்ஷல் கிழவர் வாங்கன்ஹைமைக் கூப்பிட்டு, "கடலூர் ஸார்ஜெண்ட் நான்தான்" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாராம். அந்த மார்ஷலின் பெயர் பெர்னதோத். அவரைத்தான் 1810-ல், வாரிசில்லாமல் தவித்த ஸ்வீடன் தன் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தது. 1818-ல் ராஜாவானார். இன்று ஸ்வீடனில் ராஜாவாக இருப்பவர் அந்த வம்சம்.

கதையில் ஒரு குறை உண்டு. அது நடக்கவில்லை. பெர்னதோத் அப்போது இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்று அவருடைய சரித்திரத்தை ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வாத்தியாருக்கும் அது தெரியும். "கடலூரிலே ஒரு ராஜா உருவானான்னு சொல்லிக்க ஆசைதான். ஆனா பொய்" என்றார் வருத்தத்தோடு. கடலூர்க் கதை பொய்யானாலும் ஸ்வீடன் கதை பொய்யல்ல. தெற்கு பிரான்சில் போ என்ற சிற்றூரில் பிறந்து, ஸார்ஜெண்டாக இருந்தவனைக் கூப்பிட்டு முடி சூட்டிய தேசம் அது. கொடுத்த முடியிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்தும் கொண்டது. 1975-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தில், பிரதம மந்திரியை நியமிக்கும் வேலையைக்கூட ராஜாவிடமிருந்து எடுத்துப் பார்லிமெண்ட் சபாநாயகரிடம் கொடுத்துவிட்டார்கள். 1980-ல் மூத்த பிள்ளைக்கே பட்டம், பெண்ணானாலும் சரி என்று சட்டம் செய்தபோது, தொட்டிலில் இருந்த தம்பியிடமிருந்து இளவரசுப் பட்டம் அக்காளுக்குப் போயிற்று. வம்சத்துக்குப் பட்டம் தெய்வம் கொடுத்தது என்றால் இப்படி மாற்ற முடியுமா? கொடுத்தது யார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நார்வே இன்னும் ஒருபடி மேலே போயிற்று. 1905-ல் ஸ்வீடனிடமிருந்து பிரிந்து, டென்மார்க் இளவரசர் ஒருவரை ராஜாவாக வரச் சொல்லி அழைத்தது. அவர், "உங்கள் ஜனங்களைக் கேட்டீர்களா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். கேட்டார்கள். நூற்றுக்கு எழுபத்தொன்பது பேர் சம்மதித்த பிறகே அவர் கப்பல் ஏறினார். அவர்தான் ஏழாம் ஹாக்கோன். 1940-ல் ஜெர்மானியர் புகுந்து, தங்கள் கையாளைப் பிரதம மந்திரியாக நியமிக்கச் சொன்னபோது, மந்திரிசபை அப்படித் தீர்மானித்தால் தாம் முடி துறப்பதாகச் சொல்லி மறுத்தவரும் அவரே. ராஜாக்களின் கட்சிக்காக வாதாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. நானும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு வணக்கம் செலுத்துகிறேன்.

அதே காரியத்தை ஸ்பெயினில் ஹுவான் கார்லோஸ் 1981 பிப்ரவரியில் செய்தார். ராணுவத்தார் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு நுழைந்த இரவு, டெலிவிஷனில் தோன்றி ஜனநாயகத்தின் பக்கம் நின்றார். பிறகு அவரே பணம் சம்பந்தமான அவதூறுகளில் சிக்கி, 2014-ல் முடி துறந்து, 2020-ல் தேசத்தைவிட்டே போனார். நல்ல ராஜா கிடைப்பது லாட்டரிச் சீட்டு. அதில் இன்னொரு கஷ்டம், சீட்டு வாங்கினவன் ஆயுள் முழுதும் அதையே பையில் வைத்திருக்க வேண்டும்.

கடலூரை விடுமுன் இன்னொன்று. 1906-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது வரவேற்புப் பாட்டு எழுதினவர் பாரதியார். 1910-ல் அந்த இளவரசரே ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தியானார். 1918 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து எல்லை தாண்டிய பாரதியாரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தது அந்தச் சக்கரவர்த்தியின் சர்க்கார். இங்கிலாந்தில் அதிகாரமில்லாத ராஜாதான் அவர். ஆனால் அவர் பெயரால் நடந்த ராஜாங்கத்துக்கு இங்கே பூட்டும் சாவியும் நிறைய இருந்தன.

திங்கட்கிழமை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரும்போதே, அதிகாரமில்லாத ராஜாவைப் பற்றிப் பேச இதைவிட நல்ல ஊர் இல்லை என்றார் வாத்தியார். தில்லையில் ராஜா என்றால் நடராஜாதான். தஞ்சையில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் பொன் நிறுக்கும் கல்லுக்குப் பெயரே 'ஆடவல்லான்'. முதற் பராந்தகன் இந்தச் சபைக்குப் பொன் வேய்ந்தான். அவன் காலத்தில்தான் உத்தரமேரூரில் குடத்தில் ஓலை போட்டு வாரியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நாம் இப்போது மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்லும்போது, அந்தக் குடத்தில் பெயர் விழ நிலமும் வேண்டும், வேதமும் வேண்டும், பிறப்பும் வேண்டும் என்பதை விட்டுவிடுகிறோம்.

கோயிலுக்குள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிதம்பர ரகசியம். திரையை விலக்கினால் உள்ளே மூர்த்தி இல்லை. வெறுவெளியில் தொங்கும் பொன் வில்வமாலை. லண்டனில் பிடித்த திரை என் ஞாபகத்துக்கு வந்தது. அரச பதவிக்கு மறைப்பு அவசியம் என்று 1867-ல் வால்டர் பேஜட் என்ற இங்கிலீஷ்காரர் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி ராஜாவுக்கு மிஞ்சிய உரிமை, மந்திரிகள் யோசனை கேட்டால் சொல்வது, ஊக்குவிப்பது, எச்சரிப்பது. திரைக்குப் பின்னால் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது அங்கேயும் ரகசியமல்லாத ரகசியம். ஒரு வித்தியாசம், தில்லையில் அந்த வெளிக்கு வாரிசு கிடையாது.

பிராகாரத்து நிழலில் உட்கார்ந்து வாத்தியார் பெரிய புராணத்திலிருந்து இரண்டு கதைகளை எடுத்தார். இரண்டும் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

முதலாவது கூற்றுவ நாயனார் கதை. களந்தையில் இருந்த குறுநில மன்னர். மூவேந்தரையும் வென்றார். பூமி கிடைத்தது, முடி இல்லை. சோழர் முடியைப் பாதுகாத்து வந்தவர்கள் தில்லைவாழ் அந்தணர். தமக்குச் சூட்டும்படி கேட்டார். சோழர் குலத்தவருக்கன்றி மற்றவருக்குச் சூட்டமாட்டோம் என்று சொல்லி, பூஜைக்கு ஒரு குடும்பத்தை மட்டும் வைத்துவிட்டு, மற்றவர்கள் சேர நாட்டுக்குப் போய்விட்டார்கள். வாளால் எல்லாவற்றையும் பெற்றவருக்கு அது ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. இறைவன் திருவடியே தமக்கு முடியாகட்டும் என்று வேண்டினார். கனவில் அப்படியே கிடைத்தது.

"ஆயுதம் இல்லாத ஆளுங்க, ஜெயிச்சவன் முகத்துக்கு நேரா முடியாதுன்னாங்க பாத்தீங்களா ஸார்! இந்தக் கதையிலே எனக்குப் பிடிச்சது அதுதான்" என்றார் வாத்தியார்.

"எனக்கும் பிடிக்கிறது. ஆனால் என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள்?" என்றேன்.

"பிறப்பு" என்றார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "ரெண்டாவது கதையும் அதுதான்" என்றார்.

இரண்டாவது நந்தனார் கதை. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லி ஒருநாள் தில்லைக்கு வந்தார். வந்தவர் உள்ளே போக முடியவில்லை. ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் தீ மூட்டி, அதில் மூழ்கி எழுந்த பிறகுதான் உள்ளே போனார்.

ஒருவர் கேட்டது முடி. மற்றவர் கேட்டது வாசற்படி. ஒருவர் ராஜ்யத்தை ஜெயித்தவர். மற்றவர் தோலும் நரம்பும் கோயிலுக்குக் கொடுத்தவர். இருவருக்கும் தில்லை சொன்ன பதில் ஒன்றே: நீ அந்தக் குலத்தில் பிறக்கவில்லை. இரண்டு இடத்திலும் மனிதர் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தெய்வம் கனவில் வரவேண்டியிருந்தது. சோழ சக்கரவர்த்தி ஒருவனின் ஆதரவில், இதே தில்லையில் இருந்துகொண்டு இரண்டு கதைகளையும் ஒரே நூலில் பாடி வைத்தார் சேக்கிழார்.

என் வாசகிக்கு எழுத வேண்டிய பதில் எனக்கு அந்த இடத்தில்தான் அகப்பட்டது. பிறந்ததனாலேயே ஒருவனைச் சிம்மாசனத்தில் உட்கார வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டால், பிறந்ததனாலேயே ஒருவனை வாசலில் நிறுத்தலாம் என்பதை எந்த முகத்தோடு மறுப்பது? ஸ்வீடன்காரனுக்கு இந்தச் சங்கடம் அவ்வளவாக இல்லை. அவன் ஊரில் ராஜா மட்டும்தான் பிறப்பினால் வருகிற பதவி. நம் ஊரில் செருப்புத் தைப்பதும் சாக்கடை அள்ளுவதும் பிறப்பினால் வந்தவை. ஏணியின் உச்சிப்படியை மட்டும் அழகுக்காக வைத்துக்கொண்டு மற்றப் படிகளை எடுத்துவிட முடியாது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளிக்கூடம் வைத்துத் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்தாரே, அது ஒரு படியை எடுக்கிற வேலை. 1950 ஜனவரி 26-ல் நடந்தது இன்னொரு படி.

அந்தத் தேதிக்கு முந்திய விஷயம் ஒன்று பலருக்கு மறந்தே போயிற்று. நாமும் ஒரு காலத்தில் அரசியல் சட்டத்துக்குட்பட்ட ராஜாவை வைத்திருந்தோம். 1947 ஆகஸ்டு 15-ல் சுதந்திரம் வந்ததே தவிர, குடியரசு வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ஐந்து மாதம் சுதந்திர இந்தியாவின் ராஜா ஆறாம் ஜார்ஜ். 'இந்தியச் சக்கரவர்த்தி' என்ற விருதை அவர் விட்டுக் கொடுத்ததே 1948 ஜூனில்தான். அந்த மாதத்திலிருந்து ராஜாவின் பிரதிநிதியாகக் கவர்னர் ஜெனரல் மாளிகையில் இருந்தவர் தொரப்பள்ளி கிராம முன்சீப்பின் மகன், நம் ராஜாஜி. ராஜா லண்டனில்; அவர் நாற்காலியில் முன்சீப் மகன். அதைப் பார்த்த பிறகு, நாற்காலி இருக்கட்டும், லண்டன் எதற்கு என்று தோன்றாமல் இருக்குமா? அரசியல் நிர்ணய சபை செய்தது அதைத்தான். நாற்காலியை உடைக்கவில்லை. மந்திரிசபையின் யோசனைப்படி நடக்கும் ராஜா என்ற இங்கிலீஷ் ஏற்பாட்டை முக்கால்வாசி அப்படியே வைத்துக்கொண்டு, வாரிசு என்பதை மட்டும் வெட்டிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதி. அந்த நாற்காலியில் 1997-ல் கே. ஆர். நாராயணன் உட்கார்ந்தார். உழவூரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில், பள்ளிச் சம்பளம் கட்டவே திண்டாடிய வீட்டில் பிறந்தவர். நாளைப் போவேன் என்று யாரும் அவரை வெளியே நிறுத்தவில்லை.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. மாகாணங்களுக்கு நாம் வைத்துக்கொண்ட கவர்னர், ராஜாவின் நிழல்தான். தேர்தலும் இல்லை, வம்சமும் இல்லை. சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை அவர் கிடப்பில் போடலாமா என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டு 2025-ல் சுப்ரீம் கோர்ட்டை வெகுவாக வேலை வாங்கியது. ராஜா இல்லாமலே ராஜ தோரணை வரும்.

சமஸ்தானாதிபதிகள் விஷயத்திலும் எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ராஜ்யங்களை ஒப்படைத்தவர்களுக்கு மானியம் தருவதாக வாக்குக் கொடுத்து, அரசியல் சட்டத்திலும் எழுதினோம். புதுக்கோட்டை ராஜா ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச் 3-ல் அமைதியாகச் சமஸ்தானத்தைக் கொடுத்தார். பிற்பாடு ஜில்லா ஏற்பட்டபோது அரண்மனையே கலெக்டர் கச்சேரி ஆயிற்று. 1970-ல் மானியத்தை நிறுத்தும் மசோதா ராஜ்ய சபையில் ஒரு வோட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. உடனே ஜனாதிபதி உத்தரவினால் ராஜாக்களின் அங்கீகாரத்தை ரத்துச் செய்தார்கள். டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவைத் தள்ளியது. பிறகு தேர்தல் நடந்து, 1971-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி முடித்தார்கள். மானியம் போனதற்கு நான் அழவில்லை. ஜனங்களைக் கேட்டுவிட்டுச் செய்த இரண்டாவது வழி சரி. ஒரே இரவில் உத்தரவு போட்ட முதல் வழி, ராஜாக்கள் செய்கிற மாதிரியான காரியம்.

வாத்தியார் என்னை அதோடு விடவில்லை. "உங்க வாசகி கேட்ட ராஜாவைப் பார்க்காமப் போனா எப்படி?" என்று கிழக்கே பிச்சாவரத்துக்குக் கூட்டிப் போனார். இப்போது பிச்சாவரம் என்றால் அலையாத்திக் காடும் படகுச் சவாரியும்தான். கொஞ்சம் வயதானவர்களுக்கு 'இதயக்கனி' படம். ஆனால் அங்கே பழைய ஜமீன் குடும்பம் ஒன்று உண்டு. தாங்கள் சோழர் வழி வந்தவர்கள் என்பது அவர்களுடைய பாரம்பரியம். பட்டத்துக்குரியவருக்குத் தில்லைக் கோயிலில் தீட்சிதர்கள் முடிசூட்டும் வழக்கம் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி வெளியிட்ட தொகுதிகளிலேயே இவர்களைப் பற்றிக் குறித்திருக்கிறார். கடைசிச் சோழன் மூன்றாம் ராஜேந்திரனோடு 1279-ல் கல்வெட்டுப் பேச்சு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் நம்புகிறவர் நம்பலாம். ஜமீன்களை ஒழித்த 1948-ஆம் வருஷத்துச் சட்டம் நிலத்தைத் தொட்டது. கோயிலுக்குள் நடக்கும் மரியாதையை அது தொடவில்லை, தொட வேண்டிய அவசியமும் இல்லை.

"இதோ, நீங்க தேடற ராஜா. படை கிடையாது, கஜானா கிடையாது, அரசியல் சட்டத்திலே ஒரு வரி கிடையாது. சர்க்காருக்குத் தம்பிடி செலவில்லை. கும்பிட இஷ்டப்பட்டவன் கும்பிடலாம், மத்தவன் படகு ஏறிப் போகலாம்" என்றார் வாத்தியார்.

அதுதான் வேண்டும் என்று தோன்றியது எனக்கு. தேசத்துக்கு ராஜா என்றால் வேண்டாதவனும் பிரஜை. தாய்லாந்தில் ராஜாவைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தை சொன்னால், ஒவ்வொரு குற்றத்துக்கும் மூன்று முதல் பதினைந்து வருஷம் வரை சிறை. இங்கிலாந்தில் கேலிச்சித்திரம் போடலாம். பிச்சாவரத்தில் கவனிக்காமலே போய்விடலாம்.

இங்கிலாந்தும் ஸ்வீடனும் தங்கள் ராஜாவை வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி திறந்திருக்கிறவரை அது அவர்கள் வீட்டு விஷயம். ஆஸ்திரேலியா 1999-ல் வோட்டு எடுத்து ராணியையே வைத்துக்கொண்டது. பார்படோஸ் 2021-ல் மரியாதையாக விடை கொடுத்து அனுப்பியது. நேபாளம் 2008-ல் அரண்மனையைக் காட்சிசாலை ஆக்கியது. மூன்றும் எனக்குச் சம்மதம். ஆனால் ஒருமுறை வாரிசை வெட்டிய தேசம் மறுபடி ஒட்டிக்கொள்ள ஆசைப்படுவது, நாவல் படித்ததனால் வருகிற கோளாறு.

இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எழுதி அனுப்ப எனக்கு இரண்டு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. அவள் இதற்குள் படிப்பை முடித்து உத்தியோகத்துக்கும் போயிருப்பாள்.

அன்று இரவு கடலூர் திரும்பியபோது அம்மா சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். டெலிவிஷனில் லண்டன் ஊர்வலத்தை மறுபடி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் தம்பி, இந்த ராஜாவுக்குச் செலவுக்கெல்லாம் யாரு குடுக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

"கவர்ன்மெண்ட்தான் அம்மா. வருஷத்துக்கு எட்டரைக் கோடி பவுனுக்கு மேல் கொடுக்கிறார்கள்."

"அப்போ கவர்ன்மெண்ட் உத்தியோகம்தானா!" என்றார் அம்மா. எழுபத்து நாலு வயது ராஜாவைச் சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "ரிட்டயர்மெண்ட் எப்போ?" என்று கேட்டார்.